இயந்திரம் வாங்கும் ஆணையிலேயே அணியும் இடம்பெறட்டும்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

ரோபோ உதவியுடன் செய்யப்படும் அறுவை சிகிச்சை சென்னையின் ஏழை நோயாளிக்குக் கிடைப்பது போலவே மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர், சேலம் பகுதிகளின் ஏழை நோயாளிக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். கேட்பதோடு ஒரு நிபந்தனையையும் சேர்க்கிறேன். எந்த ஊர் அரசு மருத்துவமனைக்கு இயந்திரம் போகிறதோ, அந்த ஊருக்கு அதோடு வேலை செய்யப் பயிற்சி பெற்ற முழு அணியும் போக வேண்டும். அறுவை மருத்துவரோடு மயக்கவியல் மருத்துவர், அரங்கச் செவிலியர்கள், தியேட்டர் டெக்னீஷியன், கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் ஊழியர், உயிர்மருத்துவப் பொறியாளர் எல்லோரும் அந்த அணியில் அடக்கம். இயந்திரம் வாங்கும் அரசாணையிலேயே அவர்களுடைய பணியிடங்களும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நான் அறுவை அரங்கச் செவிலியர். தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் தொகுப்பூதியத்தில் பணியைத் தொடங்கியவள். இப்போது தனியார் மருத்துவமனை ஒன்றின் ரோபோ அரங்கில் வேலை செய்கிறேன். திறந்த அறுவையிலும், சிறு துளைகள் வழியே கேமராவும் நீண்ட கருவிகளும் செலுத்திச் செய்யும் லேப்ராஸ்கோப்பியிலும், ரோபோ அறுவையிலும் கையுறை அணிந்து மேசையருகே நின்றிருக்கிறேன். இந்தத் தொழில்நுட்பத்தின் பலனை வாங்க வசதி உள்ளவர்கள் எப்படி எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார்கள் என்பதை நாள்தோறும் பார்க்கிறேன். அதனால்தான் அரசு மருத்துவமனையின் வராந்தாவில் பாய் விரித்துக் காத்திருக்கும் குடும்பங்களுக்கும் இது வேண்டும் என்கிறேன்.

2022 மார்ச்சில் சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் உள்ள பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 34.60 கோடி ரூபாய் செலவில் ரோபோ அறுவை மையம் திறக்கப்பட்டபோது நானும் என்னுடன் பணியாற்றுபவர்களும் மனமார மகிழ்ந்தோம். பல லட்சம் ரூபாய் கட்டி மட்டுமே பெறக்கூடியதாக இருந்த ஒரு சிகிச்சையை அரசு தன் கூரைக்குக் கீழே கொண்டுவந்தது பெரிய காரியம். அந்த முடிவை எடுத்தவர்களுக்கு நன்றி. அடுத்த இயந்திரம் எந்த ஊருக்கு என்ற பேச்சு வரும்போது, கூடவே பேசப்பட வேண்டியவற்றை அரங்கின் உள்ளேயிருந்து சொல்ல விரும்புகிறேன்.

ரோபோ என்றதும், இயந்திரம் தானாகவே அறுத்துத் தைக்கிறது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைக்கு மருத்துவமனைகளில் வயிற்று, சிறுநீரக அறுவைகளுக்குப் பயன்படும் இயந்திரங்கள் தாமாக ஒரு தையலும் போடுவதில்லை. அறுவை மருத்துவர் சில அடி தள்ளி ஒரு கன்சோலில் அமர்ந்து, பெரிதாக்கப்பட்ட முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி கைப்பிடிகளை அசைக்கிறார். நோயாளியின் வயிற்றில் சுமார் 8 மில்லிமீட்டர் அகலமுள்ள துளைகள் வழியே நுழைந்திருக்கும் கருவிகள் அந்த அசைவை அப்படியே, ஆனால் சிறிதாக்கிச் செய்கின்றன. கை நடுக்கம் வடிகட்டப்படுகிறது. லேப்ராஸ்கோப்பியின் நீண்ட கருவிகள் விறைப்பானவை. ரோபோவின் கருவி முனை மணிக்கட்டைப் போல மடங்கும், திரும்பும். இடுப்பெலும்புக் குழிக்குள், புராஸ்டேட்டுக்கும் மலக்குடலுக்கும் அருகே தைக்கும்போது இந்த மணிக்கட்டுதான் எல்லாமே.

1985-இல் கலிபோர்னியாவில், மூளையிலிருந்து திசு எடுப்பதற்கான ஊசிக்கு வழிகாட்ட, தொழிற்சாலைகளுக்காக உருவான பூமா 560 என்ற இயந்திரக் கை பயன்பட்டது. 2000-இல் டாவின்சி என்ற அறுவை ரோபோவுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் அமர்ந்த பிரெஞ்சு மருத்துவர் ழாக் மரெஸ்கோ, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் படுத்திருந்த பெண்ணின் பித்தப்பையை சீயஸ் என்ற இயந்திரத்தின் வழியே அகற்றினார். செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. ஆனால் இந்தத் தொழில்நுட்பம் அன்றாட மருத்துவமாக வேரூன்றியதற்கு அதே காலத்தில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த வேலையே பெரிய காரணம் என்பேன். நம் புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் படித்த மணி மேனன், அங்குள்ள ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் புராஸ்டேட் புற்றுநோய்க்கான ரோபோ அறுவையை முறைப்படுத்தி, திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய ஒரு திட்டமாக வளர்த்தார். அரங்கின் பக்கத்திலிருந்து அந்த வளர்ச்சியைப் பார்க்கும் எனக்கு அதில் பிடித்த சொல் ‘திட்டம்’. ஒரு மருத்துவரின் கைத்திறனை மட்டும் நம்பி ஒரு சிகிச்சை அன்றாடமாகிவிடாது.

அணி என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதற்கு ஒரே ஓர் அறுவையை எடுத்துக்கொள்கிறேன். சிறுநீரகத்தில் கட்டி. முழுச் சிறுநீரகத்தையும் எடுத்துவிடாமல் கட்டியை மட்டும் வெட்டி எடுத்து, மீதியைத் தைத்துக் காப்பாற்ற வேண்டும். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் சேர்ந்து ஏற்கெனவே சிறுநீரகம் நலிந்திருக்கும் நம் ஊர் நோயாளிக்கு இப்படிக் காப்பாற்றப்படும் ஒவ்வொரு பகுதியும் பிற்காலத்து டயாலிசிஸைத் தள்ளிப்போடுகிறது. இதைச் செய்ய, சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியைச் சிறிது நேரம் கவ்வி வைக்க வேண்டும். கவ்வியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். பொதுவாக 25 முதல் 30 நிமிடங்களுக்குள் கட்டியை எடுத்து, தையல் போட்டு, கவ்வியை விடுவித்துவிட வேண்டும் என்பதே இலக்கு. இரத்தம் இல்லாமல் அதற்கு மேல் போனால் சிறுநீரகம் கெடத் தொடங்கும்.

அந்த நிமிடங்களில் அரங்கைப் பாருங்கள். மருத்துவரின் முகம் கன்சோலுக்குள் இருக்கிறது; அவர் எங்களைப் பார்ப்பதில்லை. மேசையருகே நிற்கும் உதவி மருத்துவர் உறிஞ்சுகுழாயால் இரத்தத்தை அகற்றிக்கொண்டே இருக்கிறார். ஊசியும் நூலும் எந்த நீளத்தில், எந்த வரிசையில் உள்ளே போக வேண்டும் என்பது கருவிகளை எடுத்துக் கொடுக்கும் ஸ்கிரப் செவிலியரின் கையில் முன்பே தயாராக இருக்கிறது. இன்னொரு செவிலியர் நேரத்தை உரக்கச் சொல்கிறார்: “பத்து நிமிடம், சார்.” கன்சோலிலிருந்து ஒலிபெருக்கி வழியே பதில் வருகிறது: “பத்து.” கேட்டதைத் திருப்பிச் சொல்வது எங்கள் வழக்கம். பார்வையாலோ கையாலோ குறிப்புக் காட்ட வழியில்லாத இடத்தில் குரல் மட்டுமே பாலம். மயக்கவியல் மருத்துவர் இரத்த அழுத்தத்தைக் கவனித்தபடி, இரத்தம் தேவைப்பட்டால் கொடுக்கத் தயாராக இருக்கிறார். உள்ளே போன ஒவ்வோர் ஊசியும் வெளியே வந்ததா என்று இரண்டு பேர் எண்ணுகிறோம். கவ்வி விடுவிக்கப்பட்டு, வெளிறியிருந்த சிறுநீரகம் மறுபடி சிவக்கும்போது அரங்கிலுள்ள அத்தனை பேரும் அதைத் திரையில் ஒரே நேரத்தில் பார்க்கிறோம்.

அத்தனை பேரும் பார்க்கிறோம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். திறந்த அறுவையில் இடுப்புக் குழியின் ஆழத்தில் நடப்பது மருத்துவர் ஒருவருக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு அது கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போலத்தான். அவர் கை நீட்டும்போது என்ன கேட்பார் என்று ஊகிப்போம். ரோபோ அரங்கில் பெரிய திரை எல்லோருக்கும் பொது. சிறு இரத்தக் கசிவை மருத்துவருக்கு முன்பே செவிலியர் கண்டு சொன்ன நேரங்கள் உண்டு. அடுத்து வரப்போகும் படியைப் பார்த்து, கேட்கும் முன்பே கிளிப்பை எடுத்து வைக்கிறோம். முதுநிலை மாணவர் உடற்கூற்றைக் கண்ணால் பார்த்துக் கற்கிறார். முன்பெல்லாம் அந்த மாணவர்தான் ரிட்ராக்டரைப் பிடித்து இழுத்தபடி, தோள் மரத்துப்போய், உள்ளே எதையும் பார்க்க முடியாமல் மணிக்கணக்கில் நின்றிருப்பார். இப்போது திசுவை விலக்கிப் பிடிக்கும் அந்த வேலையை இயந்திரத்தின் இன்னொரு கை அசையாமல் செய்கிறது. சிமுலேட்டரில் பல மணி நேரம் பயிற்சி பெற்ற பிறகே மாணவரை நோயாளியின் பக்கம் விடலாம். தேர்ச்சியை எண்களாகப் பதிந்து வைக்கலாம். மருத்துவக் கல்லூரிகளை நடத்தும் அரசுக்கு இந்தப் பலன் தனியார் மருத்துவமனைகளுக்குக் கிடைப்பதை விடப் பல மடங்கு பெரியது.

மருத்துவரின் உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். லேப்ராஸ்கோப்பி செய்யும் மருத்துவர்கள் தோளை உயர்த்தி, கழுத்தைத் திருப்பி, மணிக்கணக்கில் நிற்கிறார்கள். கழுத்து வலியும் முதுகு வலியும் இந்தத் தொழிலில் மிகப் பரவலானவை. கன்சோலில் அவர்கள் அமர்ந்து, முன்கையைத் தாங்கி வைத்து வேலை செய்கிறார்கள். ஐந்து மணி நேர அறுவையின் கடைசித் தையலும் முதல் தையல் போலவே விழ வேண்டுமென்றால் உட்கார்ந்திருக்கும் உடம்பு உதவும். அதே அறையில் உதவி மருத்துவரும் செவிலியர்களும் நின்றுகொண்டேதான் இருக்கிறோம். இயந்திரத்தின் கைகளுக்கு நடுவே வளைந்து வேலை செய்ய வேண்டியிருப்பதால் சில நாட்களில் எங்கள் முதுகுக்குப் பழைய முறையை விடச் சிரமம் கூடுகிறது. அணியில் போதுமான ஆட்கள் இருந்து மாறி மாறி நின்றால்தான் இது தாங்கும்.

இனி நோயாளிக்கு என்ன கிடைக்கிறது என்பதைச் சொல்கிறேன். இதில் மிகைப்படுத்தக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஏனென்றால் மிகைப்படுத்தி வாங்கப்படும் இயந்திரம் ஏமாற்றத்தில் முடியும்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காக முழுச் சிறுநீர்ப்பையையும் அகற்றும் அறுவை மிகக் கடுமையானது. பெரும்பாலும் வயது முதிர்ந்த, புகைப்பழக்கம் இருந்த ஆண்களுக்கு இது தேவைப்படுகிறது. பிரிட்டனின் 9 மருத்துவமனைகளில் 338 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2022-இல் வெளியானது. முதல் 90 நாட்களில் மருத்துவமனைக்கு வெளியே உயிரோடு கழித்த நாட்கள் ரோபோ அறுவை பெற்றவர்களுக்கு 82, திறந்த அறுவை பெற்றவர்களுக்கு 80. இரண்டே நாள்தானே என்று தோன்றலாம். அடுத்த எண்களைப் பாருங்கள். இரத்தம் உறைந்து நாளங்களை அடைக்கும் சிக்கல் ரோபோ அறுவையில் 1.9 விழுக்காடு, திறந்த அறுவையில் 8.3 விழுக்காடு. காயம் சார்ந்த சிக்கல்கள் அதே வரிசையில் 5.6 விழுக்காடும் 16 விழுக்காடும்.

காயச் சிக்கல் என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் இருப்பதை வார்டில் வேலை செய்த செவிலியர் எல்லோரும் அறிவோம். தொப்புளுக்கு மேலிருந்து கீழ் வரை நீளும் தையலில் சீழ் பிடித்தால் தினமும் பிரித்துக் கட்ட வேண்டும். நோயாளி இருமக்கூடப் பயப்படுவார். ஆழ்ந்து மூச்சு விடாததால் சளி கட்டும். கூட இருக்கும் மனைவியோ மகளோ கூலி வேலையை விட்டுவிட்டு வந்திருப்பார். டிஸ்சார்ஜ் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் அவர்கள் வீட்டில் அடுப்பெரியும் கணக்கு மாறுகிறது. சிறு துளைகள் வழியே அறுவை முடிந்தவர் பெரும்பாலும் மறுநாளே கட்டிலை விட்டு இறங்கி நடக்கிறார். சுமை தூக்கும் தொழிலாளிக்கும் வயலில் குனிந்து நடவு செய்யும் பெண்ணுக்கும் வயிற்றுச் சுவர் அறுபடாமல் இருப்பது அவர்களின் உழைப்பைக் காப்பாற்றுவது. மென்பொருள் பணியாளரை விட அவர்களுக்குத்தான் சிறு காயம் அதிகம் பயன்படும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் எல்லா அறுவைக்கும் இதே வித்தியாசம் இல்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 326 ஆண்களை வைத்துப் புராஸ்டேட் அகற்றுவதில் ரோபோ அறுவையையும் திறந்த அறுவையையும் ஒப்பிட்டார்கள். 2016-இல் வெளியான முதல் முடிவில், 12 வாரங்களுக்குப் பிறகு சிறுநீரை அடக்கும் திறனிலும் பாலுறவுத் திறனிலும் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ரோபோ பிரிவில் இரத்த இழப்பு குறைவு. மலக்குடல் புற்றுநோயில் 10 நாடுகளின் 471 நோயாளிகளைக் கொண்ட 2017-ஆம் ஆண்டு ஆய்வு, தேர்ந்த மருத்துவர் செய்யும் லேப்ராஸ்கோப்பியை விட ரோபோ திட்டவட்டமாக மேல் என்று நிறுவவில்லை. பித்தப்பைக் கல்லுக்கும் குடல்வாலுக்கும் சாதாரணக் குடலிறக்கத்துக்கும் லேப்ராஸ்கோப்பியே நிறைவாகச் செய்துவிடும். அரசின் ரோபோவை அந்த அறுவைகளில் செலவழிக்க வேண்டாம்.

கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தனியே குறிப்பிட வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்கு வரும் ஏழைப் பெண்களிடம் நாங்கள் அதிகம் பார்க்கும் புற்றுநோய்களில் இது ஒன்று. தொடக்க நிலையில் உள்ள 631 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. நாலரை ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்த அறுவையில் 96.5 விழுக்காடு, துளை வழி அறுவையில் 86 விழுக்காடு. துளை வழி அறுவைகளில் பெரும்பாலானவை லேப்ராஸ்கோப்பி, சிறு பகுதி ரோபோ. உயிர் பிழைப்பிலும் திறந்த அறுவைக்கே முன்னிலை. 2019 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் புற்றுநோய் அறுவைகளில் ரோபோ பயன்பாடு குறித்து எச்சரிக்கையும் வெளியிட்டது. வாங்கிய இயந்திரத்துக்கு எண்ணிக்கை காட்ட வேண்டும் என்ற அழுத்தம் மேலிருந்து வந்தால், எளிதில் கிடைக்கும் நோயாளிகள் இந்தப் பெண்களாகத்தான் இருப்பார்கள். தயவுசெய்து மாதாந்திர எண்ணிக்கை இலக்கு விதிக்காதீர்கள். எந்த நோய்க்கு ரோபோ, எதற்குத் திறந்த அறுவை என்பதை மருத்துவர் குழு கூடி எழுத்தில் முடிவு செய்யட்டும். அந்தக் காரணத்தை நோயாளியின் குடும்பத்துக்குத் தமிழில் விளக்கிச் சொல்லட்டும்.

சிறுநீரகத்தைப் பகுதியாகக் காப்பது, சிறுநீர்ப்பையையும் புராஸ்டேட்டையும் அகற்றுவது, குறுகிய இடுப்புள்ள ஆண்களின் தாழ்ந்த மலக்குடல் கட்டி, உடல் பருமன் மிகுந்த பெண்களின் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய், குழந்தைகளின் சிறுநீர்க்குழாய் அடைப்பைச் சீரமைப்பது: என் அனுபவத்தில் இயந்திரம் தன் விலைக்கு நியாயம் செய்யும் இடங்கள் இவை. ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இவற்றுக்கே காத்திருப்போர் பட்டியல் போதுமான அளவு நீளமானது.

இவ்வளவு பலனும் கைக்கு வருவது அணி பழகியிருந்தால்தான். பழகாத அணியிடம் இதே இயந்திரம் ஆபத்தாகவும் மாறும். இடுப்பு அறுவைக்கு நோயாளியின் தலை தாழ்ந்து கால் உயர்ந்திருக்குமாறு மேசையைச் சாய்ப்போம். பல மணி நேரம் அப்படியே இருப்பார். தோளிலும் கையிலும் நரம்பு அழுந்தாமல் பஞ்சணை வைக்க வேண்டும். கண்கள் உலராமல், எதுவும் உரசாமல் மூடிக் காக்க வேண்டும். முகம் வீங்கும், மூச்சுக்காக உள்ளே வைத்த குழாயை எடுக்கும் முன் மயக்கவியல் மருத்துவர் அதைக் கணக்கில் கொள்ள வேண்டும். இயந்திரக் கைகள் இணைக்கப்பட்ட பிறகு நோயாளியை எளிதாக அணுக முடியாது. மேசையோடு இணைந்து நகரும் வசதி இல்லாத இயந்திரங்களில், கருவிகளைக் கழற்றாமல் மேசையை அசைக்கவே கூடாது. திடீரென்று பெரிய இரத்தக் குழாய் கிழிந்தாலோ இதயம் நின்றாலோ இயந்திரத்தை விலக்க வேண்டியவர்கள் மேசையருகே நிற்கும் நாங்கள். அப்போது யார் எந்தக் கையைக் கழற்றுவது, மின்சாரம் போய்க் கருவியின் தாடை திசுவைக் கவ்வியபடி நின்றுவிட்டால் அதைக் கையால் திறக்கும் சாவி எங்கே இருக்கிறது, திறந்த அறுவைத் தட்டு எங்கே தயாராக இருக்கிறது என்பதெல்லாம் யோசித்துச் செய்யும் வேலையாக இருக்கக் கூடாது. நாங்கள் நோயாளி இல்லாத மேசையில் இதை ஒத்திகை பார்க்கிறோம். புதிதாக ஒருவர் சேர்ந்தால் மறுபடியும் முதலிலிருந்து பார்க்கிறோம்.

இங்குதான் அரசு மருத்துவமனையின் நடைமுறை எனக்குக் கவலை தருகிறது. பயிற்சி பெற்ற செவிலியர் பொது மாறுதல் கவுன்சலிங்கில் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார். அவருடைய இடத்துக்கு வருபவருக்கு அந்த இயந்திரம் புதிது. வார்டில் ஆள் குறைந்தால் தியேட்டரில் இருப்பவரை அனுப்பச் சொல்வார்கள். நான் அரசுப் பணியில் இருந்தபோது, லேப்ராஸ்கோப்பிக் கருவிகளைக் கையாள ஆர்வத்தோடு கற்றுக்கொண்ட சக செவிலியர்கள் ஒரே ஆண்டுக்குள் வெவ்வேறு இடங்களுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. மாறுதல் அவர்களின் உரிமை. குடும்பத்தோடு சேர்ந்து வாழ அது வேண்டும். ஆகவே கட்டாயப்படுத்தி நிறுத்துவதை விட, ரோபோ அரங்கச் செவிலியர் என்று தனிப் பணியிடம் உருவாக்கி, சிறப்புப் படி கொடுத்து, குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கே இருக்க விரும்பி விண்ணப்பிப்பவர்களை எடுங்கள். அந்தப் பணியிடங்கள் காலமுறை ஊதியத்தில் இருக்கட்டும். கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் அடுத்த ஆண்டு தனக்கு வேலை இருக்குமா என்று தெரியாமல் இருப்பது நியாயமே இல்லை.

கருவி கழுவுமிடத்தையும் எட்டிப் பார்க்கச் சொல்கிறேன். ரோபோவின் கருவித் தண்டுக்குள் மெல்லிய உலோக வடங்கள் ஓடுகின்றன. உள்ளே நீர் பாய்ச்சி, தூரிகையால் தேய்த்து, மீயொலித் தொட்டியில் இட்டு, மறுபடி அலசி, உலர்த்தி, பிறகுதான் கிருமிநீக்கம். அவசரப்பட்டால் முந்தைய நோயாளியின் இரத்தத்துகள் உள்ளேயே தங்கும். காலையில் ஓர் அறுவை, மதியம் ஓர் அறுவை என்றால் இரண்டு தொகுதிக் கருவிகளும் இந்த வேலைக்கென்றே பழகிய ஊழியர்களும் வேண்டும். அவர்களுக்கு யாரும் திறப்பு விழா மேடையில் பொன்னாடை போர்த்துவதில்லை. ஆனால் காயத்தில் சீழ் பிடிக்காமல் காப்பதில் அவர்களுடைய கை பெரிது.

இன்னொன்று, இந்தக் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் இத்தனை முறைதான் பயன்படுத்தலாம் என்ற வரம்பு உண்டு. இயந்திரமே எண்ணிக்கொண்டு வந்து, வரம்பு முடிந்ததும் அந்தக் கருவியை ஏற்க மறுத்துவிடும். கைகளைப் போர்த்தும் நுண்ணுயிரற்ற உறையும் ஒவ்வோர் அறுவைக்கும் புதிதாக வேண்டும். இயந்திரத்தின் விலை ஒருமுறைச் செலவு. இது தொடர்ச் செலவு. உறை தீர்ந்துபோனது என்ற காரணத்துக்காகப் பட்டினியோடு தியேட்டர் வாசலில் படுத்திருக்கும் நோயாளியைத் திருப்பி அனுப்பும் நிலை வரக் கூடாது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து கொள்முதலில் நாட்டுக்கே முன்மாதிரியாக இருப்பது. இந்தத் தொடர்பொருட்களையும் பராமரிப்பையும் பல ஆண்டு விலை ஒப்பந்தமாக, இயந்திரத்தோடு சேர்த்தே டெண்டரில் பேசி முடிக்க அதனால் இயலும். ஒரே நிறுவனத்தை நம்பியிருந்த காலமும் போய்விட்டது. இந்தியாவிலேயே உருவான எஸ்எஸ்ஐ மந்திரா உள்ளிட்ட வேறு இயந்திரங்களும் இப்போது சந்தையில் இருக்கின்றன. போட்டி இருக்கும்போது பேரம் பேசும் வலு அரசிடம்தான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்புத் தருகிறது. ரோபோ அறுவைக்கான தொகுப்புக் கட்டணம் இந்தத் தொடர்பொருட்களையும் சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும். மருத்துவமனைக்கு நட்டம் வரும் விதத்தில் கட்டணம் நிர்ணயித்தால், காலப்போக்கில் இயந்திரத்தின் மேல் துணி போர்த்தப்படும். நோயாளியிடம் ஒரு ரூபாய் கூடக் கேட்கும் நிலையும் வரக் கூடாது. தனியார் காப்பீட்டில் ரோபோ அறுவையை நவீன சிகிச்சைகளின் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. பாலிசி வாங்க முடிந்தவருக்குக் கிடைத்த அந்த உறுதி, குடும்ப அட்டையோடு வருபவருக்கும் வேண்டும்.

முடிவுகளைப் பதிவு செய்வதையும் தொடக்கத்திலேயே வழக்கமாக்குங்கள். எத்தனை அறுவை என்ற ஒற்றை எண் போதாது. எத்தனை பேருக்குத் திறந்த அறுவையாக மாற்ற நேர்ந்தது, எத்தனை பேர் 30 நாட்களுக்குள் திரும்ப அனுமதிக்கப்பட்டார்கள், இரத்தம் எவ்வளவு ஏற்றப்பட்டது, நோயாளி எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பினார் என்பவற்றை எழுதி, ஆண்டுதோறும் வெளியிடுங்கள். கடைசிக் கேள்வியை வெளிநாட்டு ஆய்வுகளில் நம் தொழிலாளர்களை வைத்து யாரும் கேட்கவில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் கேட்டால் அந்தப் பதில் உலகத்துக்கே பயன்படும்.

உடனே செய்யக்கூடிய ஒன்றோடு நிறுத்துகிறேன். அடுத்த இயந்திரத்துக்கான தொழில்நுட்ப விவரக்குறிப்பைத் தயாரிக்கும் குழுவில் அரங்கச் செவிலியர் ஒருவரையும் கிருமிநீக்கப் பிரிவு ஊழியர் ஒருவரையும் உறுப்பினராகச் சேருங்கள். அரங்கின் கதவு இயந்திரம் நுழையும் அளவுக்கு அகலமா, கழுவுமிடம் எத்தனை அடி தள்ளி இருக்கிறது, மின்சாரம் போனால் எத்தனை நிமிடம் தாங்கும் என்று அவர்கள் கேட்பார்கள். தேர்ந்தெடுக்கப்படும் அணியை, இயந்திரம் வந்து இறங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே, ஏற்கெனவே இதைச் செய்துவரும் ஓர் அரசு அரங்கில் வேலை பார்க்க அனுப்புங்கள். செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் போதவில்லை என்றால், தனியார் மருத்துவமனைகளில் இருக்கும் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுங்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு, சம்பளம் எதுவும் வாங்காமல் வந்து சொல்லிக்கொடுக்க நான் தயார். என் அரங்கில் இன்னும் சிலரும் வருவார்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஓர் அறுவை அரங்கச் செவிலியர்